சட்டத்தில் இல்லாத ஷேர் ஆட்டோ... விபத்து நடந்தால் பயணிகள் கதி? மாநகராட்சி நினைத்தால் வழி இருக்கு!

சென்னை:

"தாம்பரம்... தாம்பரம்... ஒரு ஆள்தான், ஏறுங்கண்ணே!"

கிண்டியில் காலையிலும் மாலையிலும் இந்தக் குரல் கேட்காத நாள் கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஏற்கனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் ஏறித்தான் ஆகணும். பஸ் எப்போ வரும்னு தெரியாது. தனி ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பெரிய துண்டு விழும்.

கட்டிட வேலைக்குப் போகும் சித்தாள், துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள், பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கும் ஊழியர்கள்... இவர்களுக்கெல்லாம் ஷேர் ஆட்டோதான் சொந்த கார் மாதிரி. ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் 'ஷேர் ஆட்டோ' என்று ஒரு வண்டியே கிடையாது!

சட்டம் என்ன சொல்லுது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டப்படி பயணிகள் வண்டிக்கு முக்கியமாக இரண்டு வகை பெர்மிட். ஒன்று 'ஸ்டேஜ் கேரியேஜ்'. டிரைவர் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும் வண்டி, ஆளுக்கு ஆள் தனி டிக்கெட் போட்டு, வழியில் நிறுத்தி ஏற்றி இறக்கலாம். நம்ம டவுன் பஸ் இந்த வகை.

இன்னொன்று 'கான்ட்ராக்ட் கேரியேஜ்'. இதில் வண்டியை மொத்தமாகப் பேசி ஏறணும். ஆட்டோ, வேன் எல்லாம் இந்த வகை. சின்ன கேப் வண்டிகளில் ஆளுக்குத் தனியாகக் காசு வாங்க சட்டம் இடம் கொடுத்தாலும், வழியில் கை காட்டுகிறவர்களை எல்லாம் ஏற்ற இடம் கொடுக்கவில்லை.

ஷேர் ஆட்டோ என்ன செய்கிறது? ஆட்டோ பெர்மிட்டை வைத்துக்கொண்டு பஸ் வேலை பார்க்கிறது. அதனால் எந்த நாளும் எந்த முனையிலும் மடக்கி அபராதம் போடலாம். அபராதம் கட்டிய காசை எடுக்க டிரைவர் என்ன பண்ணுவார்? இன்னும் 2 பேரை சேர்த்து ஏற்றுவார். ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு வழி காட்டுகிறது.

இன்சூரன்சில் இருக்கு சிக்கல்

கூட்ட நெரிசல் வெறும் மூச்சுமுட்டல் பிரச்சினை மட்டும் இல்லை. 42 பேருக்கு அனுமதி உள்ள ஒரு பஸ்சில் 90 பேர் ஏறி விபத்தில் சிக்கிய வழக்கில், 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு முக்கிய தீர்ப்பு சொன்னது. எத்தனை பேருக்கு இன்சூரன்ஸ் செய்யப்பட்டதோ, அத்தனை பேருக்கான தொகையைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டணும்; அந்தப் பணத்தை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கணும்; மீதியை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளணும் என்பதுதான் அதன் சாராம்சம்.

இதே கணக்கை ஷேர் ஆட்டோவுக்குப் போட்டுப் பாருங்க. 7 பேருக்கு இன்சூரன்ஸ் இருக்கும் வண்டியில் 11 பேர் போனால், விபத்தில் கிடைப்பது 7 பேர் பங்கு. மீதிக்கு உரிமையாளரைத் துரத்தணும். வண்டியையே கடனில் ஓட்டுகிறவரிடம் என்ன கிடைக்கும்?

மாநகராட்சிக்கு என்ன லாபம்?

2011-ல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர் போன்ற நகராட்சிகளும் பல பேரூராட்சி, ஊராட்சிகளும் சேர்ந்து சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு என்று விரிந்தது. புதிதாகச் சேர்ந்த இடங்களில் பெரிய பஸ் திரும்ப முடியாத தெருக்கள் ஏராளம்.

அங்கே ஷேர் வண்டிகளை முறைப்படுத்தினால் வண்டி வாங்கும் செலவு, டீசல், டிரைவர் சம்பளம் எதுவும் அரசு தலையில் விழாது. மாநகராட்சி கொடுக்க வேண்டியது ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் இடம்தான். 7 பேர் ஆளுக்கொரு பைக்கில் ஸ்டேஷனுக்கு வந்தால் 7 பைக்கும் சாயந்திரம் வரை நிற்க இடம் வேணும். அந்த 7 பேரும் ஷேர் ஆட்டோவில் வந்தால் வண்டி இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமாகும் இடம் நடைபாதைக்கு ஆச்சு.

ஜெர்மனியின் பிரெமென் நகரம் இந்தக் கணக்கை முன்னாடியே போட்டுவிட்டது. அங்கே பகிர்வது கார். 2003 முதல் தெரு ஓரத்தில் நகர நிர்வாகமே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. உறுப்பினர்கள் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் காரை எடுத்து ஓட்டிவிட்டு திருப்பி விடுவார்கள். சொந்த கார் குறைந்தால் தெரு காலியாகும் என்பதுதான் திட்டம்.

பாரீசில் வாங்கிய அடி

எல்லாம் லாபம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டும் இறங்க முடியாது. பாரீசில் 2011 டிசம்பரில் 'ஓட்டோலிப்' என்ற மின்சார கார் பகிர்வு திட்டம் ஆரம்பித்தது. நஷ்டம் 6 கோடி யூரோவைத் தாண்டினால் மீதியை உள்ளாட்சிகள் ஏற்கணும் என்பது ஒப்பந்தம். கடைசியில் 20 கோடி யூரோவுக்கு மேல் கேட்டு நிறுவனம் கை நீட்டியது. உள்ளாட்சிகள் மறுத்துவிட்டன. 2018 ஜூலையோடு திட்டத்துக்கு மூடுவிழா!

இதில் பாடம் ஒன்றுதான். இடம் கொடுக்கலாம், விதி போடலாம். நஷ்டத்துக்கு மட்டும் ஜாமீன் கையெழுத்து போடக்கூடாது.

சாவி யார் கையில்?

பெர்மிட் கொடுப்பது மாநகராட்சி வேலை இல்லை, மாநில அரசின் வேலை. அதற்கும் கதவு திறந்துதான் இருக்கு. 2019-ல் மோட்டார் வாகன சட்டத்தில் கொண்டு வந்த திருத்தம், வீடு வரை கொண்டு சேர்க்கும் கடைசி மைல் பயணத்துக்கும், நெரிசலைக் குறைக்கவும் மாநில அரசே தனித் திட்டம் வகுத்து லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1997-ல் மினி பஸ் வந்தது. 2025 ஜூன் 16-ந் தேதி தஞ்சாவூரில் புதிய விரிவான மினி பஸ் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தனியார் வண்டிக்கு ரூட் போட்டுக் கொடுத்து, பஸ் எட்டாத ஊர்களைச் சேர்ப்பதுதான் அதன் அடிப்படை.

அதே மாதிரி ஷேர் ஆட்டோவுக்கும் ரூட் நம்பர், சீட் கணக்கு, அதற்கேற்ற இன்சூரன்ஸ், வண்டியில் ஒட்டிய கட்டணப் பட்டியல், பஸ் நிறுத்தத்தை விட்டுத் தள்ளி ஸ்டாண்டு என்று வரைமுறை வைக்கலாம்.

மாநகர பஸ்சுக்கு வருமானம் போகுமே என்ற கவலையும் நியாயம்தான். ஒரே மெயின் ரோட்டில் பஸ்சுக்கு முன்னாடி ஓட விட்டால் போட்டிதான். மெட்ரோ, மின்சார ரெயில் நிலையங்களில் இருந்து உள் தெருக்களுக்கு விட்டால், பஸ்சுக்கும் ரெயிலுக்கும் கூடுதலாக ஆள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியாக மாறிவிடும். 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்சில் இலவசமாகப் போகும் பெண்களுக்கும், பஸ் நிறுத்தம் வரை வந்து சேர ஒரு வழி கிடைக்கும்.

இப்போதைய நிலைமையில் டிரைவருக்கு அபராத பயம், பயணிக்கு உயிர் பயம். ரூட் போட்டு, சீட் எண்ணி ஒரு பெர்மிட் கொடுத்தால் டிரைவர் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டலாம். ஏதாவது ஒண்ணு ஆகிவிட்டால் கூலி வேலைக்குப் போனவர் குடும்பம் நஷ்டஈட்டை உரிமையோடு கேட்கலாம். முடிவு கோட்டையில் எடுக்கணும்... இடம் ரிப்பன் மாளிகை கொடுக்கணும்!