கடல் கடந்த முகவரி

ஃபிளிப்கார்ட் நிறுவனம் தனது சட்டப்படியான இருப்பிடத்தைச் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றிக்கொள்ள, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2025 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. ‘தாயகம் திரும்புகிறது’ என்று முதலாளித்துவ ஏடுகள் அகமகிழ்கின்றன. அந்த நிறுவனம் எப்போது தாயகத்தை விட்டுப் போயிற்று?

2007இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் கிடங்குகளோ, பொருள்களைச் சுமந்து செல்லும் தொழிலாளர்களோ, வாங்கும் மக்களோ இந்திய எல்லையைத் தாண்டவில்லை. 2011இல் சிங்கப்பூரில் ஒரு தாய் நிறுவனம் பதிவாயிற்று. உடைமை மட்டும் கடல் கடந்தது. அந்நிய மூலதனத்துக்கு அது வசதி. பங்குகள் கைமாறும்போது இந்திய வரிக்கு எட்டாமல் நிற்கவும் வசதி.

அந்த வசதி எத்தகையது என்பதை 2018 காட்டியது. அவ்வாண்டு வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு ஏறத்தாழ 77 விழுக்காடு பங்குகளைக் கைப்பற்றியது. பங்குகளை விற்றவர்களுள் ஒன்று டைகர் குளோபல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம். ஆனால் ஏட்டளவில் விற்றவை அதன் மொரிஷியஸ் நிறுவனங்கள்; வாங்கியது லக்சம்பர்க் நிறுவனம்; கைமாறியது சிங்கப்பூர்ப் பங்கு. மதிப்பு விளைந்த இந்தியாவின் பெயர் மட்டும் அந்த ஏட்டில் இல்லை! 160 கோடி டாலருக்கும் மேற்பட்ட அந்த விற்பனைக்கு, மொரிஷியஸ் ஒப்பந்தத்தின்படி இங்கு வரி கிடையாது என்று வாதாடினர். தில்லி உயர்நீதிமன்றம் 2024இல் அதை ஏற்றது. உச்சநீதிமன்றம் 2026 ஜனவரியில் அத்தீர்ப்பைப் புரட்டி, வரித்துறையின் பக்கம் நின்றது. வரவேற்கத்தக்க தீர்ப்புதான், ஆனால் அதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின.

இப்போது திரும்புவதற்குக் காரணம் நாட்டுப்பற்று அன்று. இந்தியப் பங்குச் சந்தையில் சிறு சேமிப்பாளரின் பணம் குவிந்து கிடக்கிறது. பெங்களூருவின் க்ரோவும் மீஷோவும் அமெரிக்க முகவரியைத் துறந்து வந்து, 2025இலேயே சந்தையில் பட்டியலிடப்பட்டுவிட்டன. ஃபோன்பே 2022இல் திரும்பியபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி கட்டினர். வரியே இவ்வளவென்றால் ஆதாயம் எவ்வளவு?

இத்தகைய இணைப்புத் திட்டங்களில் பங்குதாரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் அறிவிப்பு போகிறது. வரித்துறைக்கும் ரிசர்வ் வங்கிக்கும் போகிறது. ஊழியர்கள் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படுவதைப் பற்றியும் சட்டம் ஒரு வரி பேசுகிறது. ஆனால் வீடுவீடாகப் பொருள் கொண்டு செல்பவர் ‘ஊழியர்’ அல்லர், ‘பார்ட்னர்’ ஆயிற்றே! லாபத்தில் பங்கில்லாத இந்தப் பங்காளிக்கு அறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. கர்நாடக அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் கிக் தொழிலாளர்களுக்கு நல நிதி ஒன்றைத் தந்திருக்கிறது. முதலாளி யார் என்ற கேள்விக்கு அதுவும் விடை சொல்லவில்லை.

இதற்கிடையே ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் விதிகளைத் திருத்தியது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் தனக்கு முழுவதும் சொந்தமான இந்திய நிறுவனத்தோடு இணைய, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று, தீர்ப்பாயத்தின் படி ஏறாமலே விரைவு வழியில் செல்லலாம். இருந்த ஒரு சிறு தணிக்கையும் தளர்கிறது. நிறுவனச் சட்டத்தின் 234ஆம் பிரிவோ இருபுறமும் திறக்கும் கதவு. இன்று உள்ளே வருபவர் நாளை வெளியேறவும் அதுவே வழி.

எத்திசை மாற்றமானாலும் ஒப்புதலுக்கு முன் தொழிற்சங்கங்களுக்கு அறிவிப்பு அனுப்பி அவற்றின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். முகவரி வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் நடந்த பங்கு விற்பனைகளையும், அவற்றுக்குச் செலுத்தப்பட்ட வரியையும் அரசு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.