கோர்ட்டில் கூடிய பிள்ளைகள்

லண்டன் நகரில் உள்ள பெரிய நீதிமன்றம் அது. 2000-ம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே ஒரு வினோதக் காட்சி நடந்தது. வக்கீல்கள் வாதாடும் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். தங்கள் பள்ளி பிழைக்க வேண்டுமானால் என்ன செய்வது என்று பேசினார்கள். பிறகு ஓட்டு எடுத்தார்கள்.

அந்தப் பள்ளியின் பெயர் சம்மர்ஹில்.

உபாத்தியாயர் மகன்

இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஏ. எஸ். நீல். ஸ்காட்லாந்தில் 1883-ல் பிறந்தவர். தந்தை கிராமத்து உபாத்தியாயர். நீலும் வாத்தியார் வேலைதான் பார்த்தார். பிரம்பும் பயமும் பிள்ளைகளை என்ன பாடு படுத்துகின்றன என்பதைக் கண்ணால் கண்டார்.

பயம் இல்லாத பள்ளி ஒன்று வேண்டும் என்று எண்ணினார். 1921-ல் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் அதைத் தொடங்கினார். பிறகு அது இங்கிலாந்துக்கு வந்தது. 1927 முதல் சபோக் மாவட்டத்தில் லெய்ஸ்டன் என்ற சிற்றூரில் நடக்கிறது. உலகப் போர் நடந்தபோது மட்டும் சில ஆண்டுகள் வேல்ஸ் பகுதிக்குப் போய்வந்தது.

இது தனியார் பள்ளி. பெற்றோர் கட்டும் சம்பளத்தில் நடப்பது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு ஓட்டு

இங்கே பாடம் உண்டு, ஆசிரியர் உண்டு, கால அட்டவணையும் உண்டு. ஆனால் வகுப்புக்கு வா என்று யாரும் வற்புறுத்துவது இல்லை. விருப்பம் இருந்தால் வரலாம். இல்லாவிட்டால் மரம் ஏறலாம், மரவேலை செய்யலாம்.

அப்படியானால் கட்டுப்பாடே இல்லையா? உண்டு. அதைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்கிறார்கள். எல்லாரும் கூடும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரு ஓட்டு. தலைமை ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. இரவு எத்தனை மணிக்குப் படுப்பது என்பதையும் கூட்டமே முடிவு செய்யும். விதியை மீறியவருக்குக் கூட்டமே அபராதம் போடும். சாப்பாட்டில் இனிப்பு கிடையாது என்பதும் ஒரு தண்டனை!

ஓட்டெடுப்பில் நீல் பல தடவை தோற்றிருக்கிறார். தோற்றபோது முடிவுக்குக் கட்டுப்பட்டார். 1973-ல் அவர் காலமானார். மனைவி ஈனா பள்ளியை நடத்தினார். 1985-ல் மகள் ஸோயி ரெட்ஹெட் பொறுப்பை ஏற்றார்.

வந்தது நோட்டீஸ்

1999-ல் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு ஒழுங்காக வருவது இல்லை என்று குறை எழுதினார்கள். சோம்பலைச் சுதந்திரம் என்று பள்ளி தவறாக எண்ணுகிறது என்றார்கள். குறைகளைத் திருத்தும்படி அரசாங்கம் நோட்டீஸ் அனுப்பியது. அப்போது கல்வி மந்திரி டேவிட் பிளங்கெட். திருத்தாவிட்டால் பள்ளியை மூட நேரிடும்.

பாடத்தைக் கட்டாயம் ஆக்கிவிட்டால் பள்ளி தப்பிவிடும். ஆனால் அது சம்மர்ஹில்லாக இராது. பள்ளி பணியவில்லை, வழக்குத் தொடுத்தது. முன்னாள் மாணவர்களும் பெற்றோர்களும் துணை நின்றார்கள்.

சில நாள் விசாரணை நடந்தது. அரசாங்கத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. ஸோயி தாமே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்றது பள்ளி. அப்போதுதான் கோர்ட்டிலேயே கூட்டம் கூடியது. சமரசத்தை ஏற்பது என்று பிள்ளைகள் ஓட்டளித்தார்கள்.

நோட்டீஸ் ரத்து ஆயிற்று. இந்தப் பள்ளியைச் சோதிக்க வருவோர் அதன் கொள்கையையும் கருத்தில் கொள்ள வேண்டும். பிள்ளைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. 2007-ல் வந்த இன்ஸ்பெக்டர்கள் நல்லபடியாகவே அறிக்கை கொடுத்தார்கள். 2021-ல் பள்ளிக்கு நூறு வயது நிறைந்தது.

யார் செய்தது சரி?

அரசாங்கம் செய்தது முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. தனியார் பள்ளி என்பதற்காக எப்படியும் நடக்கலாம் என்று விட்டுவிட்டால் ஏமாறுவது குழந்தைகள்தான். சோதனை வேண்டும். ஆனால் துணி அளக்கும் கோலால் பாலை அளக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் பெஞ்சியில் உட்கார்ந்தான் என்பது மட்டும் படிப்பு ஆகாது.

எல்லாப் பள்ளிகளும் சம்மர்ஹில் ஆக முடியாது. ஆகவும் வேண்டாம். வகுப்புக்குப் போனால்தான் எழுத்து அறிய முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் உலகில் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு வகுப்பே வரப்பிரசாதம்.

ஆனால் ஒரு காரியம் எல்லா வீட்டிலும் முடியும். பிள்ளையைப் பற்றி முடிவு செய்யும் முன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டதற்காகப் பெரியவர் மரியாதை குறைந்துவிடாது.

தன் சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்று அறிந்த பிள்ளை, பிறர் சொல்லையும் மதிக்கும். லண்டன் கோர்ட்டில் அன்று கை தூக்கிய பிள்ளைகள் காட்டிய பாடம் அதுதான்.