எம்-1 பாஸ், பைக் லோன்ல ஃபெயில்

எம்-1 அரியரை மூணாவது தடவையில கிளியர் பண்ணவன் நான். இன்டெக்ரேஷன்லாம் தலைகீழா ஒப்பிப்பேன். முதல் வேலை கிடைச்சதும் 1 லட்சம் பைக் லோன் போட்டேன். "பத்து பர்சென்ட்தான் சார், ஃப்ளாட் ரேட்"னாங்க. 3 வருஷத்துக்கு வட்டி 30,000, மாசம் 3,611 ரூபாய். கணக்கு சரின்னு நம்பிட்டேன்.

அசல் மாசாமாசம் குறையுது. ஆனா வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 1 லட்சத்துக்கும் ஓடுது. குறையுற பாக்கிக்குக் கணக்குப் போட்டா அது கிட்டத்தட்ட 18%!

இதைப் புரிஞ்சுக்க கால்குலஸ் வேண்டாம். இஎம்ஐ ஃபார்முலாவே பத்தாவதுல படிச்ச பெருக்குத் தொடரோட கூட்டல்தான். காலேஜ்ல எங்களுக்கு யாரும் அதைத் திரும்பத் தொடல. நேரா மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ்.

கால்குலஸ் வீண்னு சொல்லல. அதுல அடிக்கடி வர்ற 2.718-ங்கிற எண்ணே, 1683-ல ஜேக்கப் பெர்னூலி கூட்டு வட்டியை ஆராய்ஞ்சப்போ தலைகாட்டினதுதான். வட்டியில பிறந்த எண்ணை வட்டியே பேசாம நடத்துறாங்க, அதான் என் கோபம். எம்-1 முதல் வகுப்பு ஒரு லோன் அட்டவணையிலதான் ஆரம்பிக்கணும்.

உங்க லோன் பேப்பரை எடுங்க. எக்செல்ல ரேட் ஃபார்முலாவுல மாசங்கள், மைனஸ் போட்டு இஎம்ஐ, கடன் தொகை கொடுங்க. வர்றதை 12-ஆல பெருக்குங்க.