கமிஷன் 1.12 வீதம்: ஒரு தோட்டத்துப் பிள்ளையின் பங்குச் சந்தைக் கணக்கு

"மாமா, கமிசன் கொறஞ்ச புரோக்கர் யாரு?"

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைத்து அக்காவின் மகன் கேட்டான். கொழும்பில் உடுப்புக் கடையில் நின்று மிச்சம் பிடித்த 20,000 ரூபா அவனிடம் இருக்கிறது. அவன் தாய் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் அவன் கையில் இருப்பது பதினைந்து நாள் பேர்.

அவனுக்குப் பாடம் எடுத்தவை சென்னையிலிருந்து வரும் காணொளிகள். அவை பொய் சொல்லவில்லை. இந்தியாவில் ஜெரோதா போன்ற நிறுவனங்கள் பங்கை வாங்கி வைத்திருப்பவரிடம் தரகுக் கட்டணம் வாங்குவதில்லை. அன்றைக்கே வாங்கி விற்றால் ஒரு ஓடருக்கு அதிகபட்சம் 20 இந்திய ரூபா. ஆகவே அங்கே மலிவான தரகரைத் தேடுவதிலும், ஓடரைத் துண்டு துண்டாகப் போடாமல் இருப்பதிலும் பொருள் இருக்கிறது. மொழி ஒன்று என்பதால் சந்தையும் ஒன்று என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையில் கதை வேறு. பத்துக் கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கட்டணம் 1.12 வீதம். இதில் தரகருக்கு 0.64, அரசாங்கத்தின் பங்குப் பரிவர்த்தனை வரி 0.30, பங்குச் சந்தைக்கு 0.084, பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் சிடிஎஸ்ஸுக்கு 0.024. வாங்கும்போதும் கட்ட வேண்டும், விற்கும்போதும் கட்ட வேண்டும். செயலியில் நீங்களே ஓடர் போட்டாலும், தொலைபேசியில் தரகரைக் கூப்பிட்டுச் சொன்னாலும் வீதம் இதுதான். பத்துக் கோடிக்கு மேலே போனால்தான் தரகுக் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம், வரியைத் தவிர மற்றக் கட்டணங்களும் இறங்கும். கொழுந்து எடுப்பவளின் மகனுக்கு முழு வீதம், கோடிக்காரருக்குக் கழிவு. இதைப் பற்றி நம் மலையகப் பிரதிநிதிகள் யாராவது வாய் திறந்து நான் கேட்டதில்லை.

எனவே மருமகனிடம் சொன்னேன்: தரகரை மாற்றிக் காசு மிச்சம் பிடிக்க முடியாது, எண்ணிக்கையைக் குறைத்துத்தான் மிச்சம் பிடிக்கலாம். 20,000 ரூபாவுக்கு வாங்கினால் 224 ரூபா போகும். அதே விலைக்கு விற்றால் இன்னொரு 224. பங்கு ஏறக்குறைய 2.3 வீதம் ஏறினால்தான் போட்ட காசே திரும்பி வரும். மாதம் நான்கு தடவை இப்படி வாங்கி விற்றால் 1792 ரூபா. ஒரு வருடத்துக்கு 21,504. அதாவது முதலைவிடக் கட்டணம் அதிகம். கடைத் துண்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டியபோது அவன் தேநீரைக் குடிக்க மறந்துவிட்டான்.

கட்டணப் பட்டியலில் எழுதப்படாத செலவு இன்னொன்று உண்டு. தோட்டக் கம்பனிகளின் பங்குகள் பல நாட்களில் மிகக் குறைவாகவே கைமாறுகின்றன. உதாரணத்துக்கு, ஒரு பங்கை விற்பவர் வரிசையில் 40.80க்கு 100 பங்குகளும் அடுத்து 42 ரூபாவுக்கு 400 பங்குகளும் நிற்கின்றன என்று வையுங்கள். விலை குறிப்பிடாமல் 500 பங்குகளுக்கு மார்க்கெட் ஓடர் போட்டால் 20,880 ரூபா போகும். 40.80 என்று எல்லை வைத்து லிமிட் ஓடர் போட்டுக் காத்திருந்து முழுவதும் கிடைத்தால் 20,400. வித்தியாசம் 480 ரூபா, கமிஷனைப் போல இரண்டு மடங்கு. இங்கே கட்டணம் வீதக் கணக்கு என்பதால், லிமிட் ஓடர் இரண்டு மூன்று துண்டாக நிறைவேறினாலும் கூடுதல் நட்டம் இல்லை. ஆனால் கணக்குத் திறக்கும்போதே குறைந்தபட்சக் கட்டணம் ஏதும் உண்டா, காசு கட்டப் பிந்தினால் வட்டி எவ்வளவு என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"கமிஷனே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படி வர்த்தகம் செய்வதாகக் காட்டிய எம்டிஎஃப்இயை 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமாகப் பெயரிட்டது. 1.12 வீதம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை வாங்குபவருக்கு உரிமமும் முகவரியும் இருக்கின்றன.

எங்கள் சனத்துக்குப் பங்கு புதிதல்ல. 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. பிறகு கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. எங்கள் லயத்தில் அந்தக் கடதாசி என்னவென்று யாரும் விளக்கவில்லை. ஒருவர் வந்து, கையில் காசு கொடுத்து, வீடு வீடாக வாங்கிக்கொண்டு போனார். சந்தையில் என்ன விலை என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கலியாணத்துக்கும் மருந்துக்கும் அது உதவியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அன்றைக்குப் போன கமிஷன் எத்தனை வீதம் என்று இன்றைக்கும் எனக்குக் கணக்குப் போட முடியவில்லை.

அப்பா மட்டும் விற்கவில்லை. பிடிவாதம்தான், வேறு காரணம் இல்லை. 83க்குப் பிறகு வன்னிக்குப் போன சித்தப்பா குடும்பம் 2009இல் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, எந்தக் கடதாசியையும் அவர் கைவிடுவதில்லை. பங்குப் பத்திரம் பிரஜாவுரிமைச் சான்றிதழோடு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. கடதாசியாக வைத்துக்கொண்டு சந்தையில் விற்க முடியாது, சிடிஎஸ் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்திரத்தில் இருப்பது செக்ரோல் பெயர், அடையாள அட்டையில் இருப்பது வேறு எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்காக இதுவரை மூன்று நாள் பேரை விட்டிருக்கிறோம், பஸ் காசு தனி.

மருமகன் இப்போது கணக்குத் திறந்துவிட்டான், இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. தாத்தாவின் பத்திரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனவன், போன கிழமை கூப்பிட்டுக் கேட்டான்: "மாமா, இதுக்கு இத்தன வருசமா டிவிடெண்ட் வந்திருக்குமே, அது எங்க?"