தாய்மார் இருக்கும்போதே

அண்மையில் நெடுங்கேணிப் பக்கம் ஓர் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். காணாமற்போன மகனின் கடதாசிகளைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்தார். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்க அட்டை, இரண்டு ஆணைக்குழுக்களின் கடிதங்கள். ஒன்றில் மகன் பிறந்தது 1986, மற்றதில் 1988. பெயரின் முதலெழுத்து மூன்று இடத்தில் மூன்று விதம். “எல்லாருக்கும் எல்லாம் குடுத்தாச்சு தம்பி. இனி என்னட்ட என்ன கிடக்கு?” என்றார். வயது எழுபத்துநான்கு. அவரிடம் இன்னும் எவரும் கேட்டு வாங்காதது அவருடைய இரத்தம்.

அந்த இரத்தத்தால் என்ன முடியும் என்பதற்கு யூகோஸ்லாவியா சாட்சி. அது உடைந்தபோது நடந்த போர்களில் சுமார் 40,000 பேர் காணாமற்போனார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் என்ன ஆனார்கள் என்பது இன்று தெரியும். 1996இல் லியோன் ஜி7 மாநாட்டில் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, பொஸ்னியாவில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட உறவினரிடம் இரத்தம் எடுத்தது. விரல் நுனியில் ஒரு குத்து, அட்டையில் சில துளி. சிரெப்ரெனிட்சாவில் புதைத்த உடல்களைக் கொன்றவர்களே இயந்திரத்தால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. மரபணு இல்லாமல் அவற்றை ஒன்றுசேர்த்திருக்க முடியாது.

அயல்நாடுகள் ஒன்றுக்கொன்று கதவு திறக்கவும் வேண்டியிருந்தது. கொசோவோவில் கொல்லப்பட்ட அல்பேனியர் எழுநூறுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் 2001 தொடக்கம் வெளிப்பட்டது சேர்பியத் தலைநகருக்கு அருகே, பட்டாய்னிட்சாவில். எதிரி நாட்டு மண்ணைத் தோண்டாமல் தன் பிள்ளையை எடுக்க முடியாது என்ற நிலையில், 2003 தெசலோனிக்கி மாநாட்டில் கிடைத்த ஐரோப்பிய ஒன்றிய அங்கத்துவ வாக்குறுதி அந்த அரசுகளை ஒரே மேசைக்கு இழுத்தது. 2018இல் லண்டனில் காணாமற்போனோர் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் அந்த இழுவிசைக்கும் எல்லை உண்டு. 2013இல் குரோசியா உள்ளே போனபின் வேறெந்தப் பால்கன் நாடும் சேரவில்லை. சேர்பியாவும் கொசோவோவும் 2023 மே மாதம் பிரசெல்சில் காணாமற்போனோர் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. அதற்கான கூட்டு ஆணைக்குழு எப்படி வேலை செய்வது என்று இணங்க அடுத்த வருடம் டிசம்பர் ஆகிவிட்டது. வாசல் தூரமானால் அரசுகளின் அவசரமும் போய்விடுகிறது.

இலங்கையில் எமக்கோ அப்படியொரு வாசலே இல்லை. சார்க் அமைப்பு 2014க்குப் பின் உச்சிமாநாடு கூட்டியதில்லை. ஐரோப்பாவின் கையில் எங்கள் விடயத்தில் உள்ள முக்கிய பிடி ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை. 2010 ஆகஸ்டில் மனித உரிமைக் காரணத்துக்காக அதை நிறுத்தினார்கள், 2017 மேயில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் வந்தது 2016ஆம் ஆண்டின் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம். சலுகை போனால் முதலில் அடிபடுவது ஆடைத் தொழிற்சாலைப் பெண்பிள்ளைகள் என்பதால், அதை ஆயுதமாக வீசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சலுகையின் அடுத்த மீளாய்வில், உறவினரின் இரத்த மாதிரிகளைச் சேமிக்கும் மரபணு வங்கியைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

அந்த வங்கியின் தேவை கண்முன்னே இருக்கிறது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்குத் தோண்டிய இடத்தில் எலும்புகள் தெரிந்தன. 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் இரத்தம் சேமிப்பில் இல்லாவிட்டால் அவை பெட்டிக்குள் இலக்கங்களாகவே கிடக்கும்.

இரத்தம் கேட்பது லேசான காரியமல்ல என்பதை காணாமற்போனோரின் கோப்புகளோடு வேலை செய்யும் நாம் அறிவோம். 2017 பெப்ரவரியில் இருந்து வவுனியா கண்டி வீதியில் இருந்துவரும் தாய்மார் கேட்பது பிள்ளைகளை. போர் முடிவில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கண்முன்னே கையளித்த பிள்ளைகளை. அவர்களிடம் ஊசியோடு போனால், “செத்துட்டான் எண்டு சொல்ல வந்தனியளோ” என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. ஆகவே இரத்தம் கொடுப்பது மரணத்தை ஏற்றதாகாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். மரணச் சான்றிதழோடும் இழப்பீட்டோடும் அதை முடிச்சுப் போடக்கூடாது. மாதிரிகள் குடும்பங்கள் நம்பும் சுயாதீன அமைப்பொன்றின் கையில் இருக்க வேண்டும். பொஸ்னியாவில் மூன்று சமூகத்தாரும் கை நீட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வங்கி வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கோப்பிலும் இரத்த உறவுகள் யார், எங்கே என்று எழுதிவையுங்கள். தகப்பன் போய்விட்டாரா, சகோதரம் ரொறொன்ரோவிலா, பாரிசிலா, தமிழ்நாட்டு முகாமிலா என்று கேளுங்கள். எங்களுக்குப் பிராந்திய ஒத்துழைப்பு என்பது முதலில் பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தம்பியின் விரல் நுனிதான். பெயரையும் பிறந்த திகதியையும் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

நெடுங்கேணி அம்மாவோடு அன்று பின்னேரம் வரை பெட்டிகளைக் கிளறினோம். முகாமுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பழைய துணிகளுக்கு அடியில் பிறப்புச் சான்றிதழ் கிடந்தது. மடிப்புகளில் கிழிந்திருந்தது. பிறந்த வருடம் 1987.