முழங்காலுக்கு என்ன விலை?

"அதிக இடம் வேண்டுமானால் அதிகப் பணம் கொடு. இதில் என்ன ஐயா அநியாயம்?" என்று கேட்டார் என் நண்பர். கணக்கு எழுதிப் பிழைப்பவர் அவர். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். அந்தக் கணக்கில் மனிதனைத்தான் காணோம்.

சென்ற ஆண்டு ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகச் சென்னையிலிருந்து தில்லிக்கு விமானத்தில் போனேன். மலிவு டிக்கெட். பக்கத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். கால் சரியாக மடங்கவில்லை. முன் நாற்காலியின் முதுகு அந்த முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தது. முதல் வரிசையிலோ மூன்று இடங்கள் காலி.

பணிப்பெண்ணை அழைத்து, "அம்மா, இவரை அங்கே உட்கார வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "அதற்குத் தனிக் கட்டணம், சார்."

"வேண்டாம் தம்பி, பொறுத்துக்கொள்கிறேன்" என்றார் பெரியவர். காலை நடைவழியில் நீட்டுவார். சாப்பாட்டு வண்டி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இழுப்பார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் இப்படி. அந்த மூன்று நாற்காலிகளும் தில்லி வரை காலியாகவே பறந்தன.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். ஆனால் காலி இடத்தை ஏன் சும்மா தரமாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்று சும்மா கொடுத்தால் நாளை யார் காசு கொடுத்து வாங்குவார்? பின்வரிசையில் ஒருவன் படும் வலிதான் முன்வரிசை நாற்காலிக்கு விளம்பரம்!

இந்த நெருக்கடி தானாக வந்ததா? ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையே முன்பெல்லாம் சுமார் 35 அங்குலம் இருந்தது. பிறகு அது 31 ஆயிற்று. சில கம்பெனிகளில் 28. முதலில் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொள்வது. பிறகு எடுத்ததையே கொஞ்சம் கொஞ்சமாக விற்பது. இதற்கு 'சலுகை' என்று பெயர்!

அவசர வாசலுக்குப் பக்கத்து வரிசையின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே இடம் விட்டிருப்பது கம்பெனியின் தாராளத்தால் அல்ல. ஆபத்து நேர்ந்தால் ஜனங்கள் தப்பி ஓட வழி வேண்டும் என்று சட்டம் சொல்வதால். சட்டம் உயிருக்காக விட்டுவைத்த இடத்தையும் காலுக்காக விற்கிறார்கள். அங்கே உட்காருகிறவர் கதவைத் திறக்கத் திராணியுள்ளவராக இருக்கவேண்டும் என்ற நியாயமான விதியால், முடியாத பெரியவருக்கு அது காசு கொடுத்தாலும் கிடையாது.

நண்பர் விடவில்லை. "டிக்கெட் மலிவாக இருப்பதால்தானே நீர் பறந்தீர்?" என்றார். உண்மை. ஒப்புக்கொள்கிறேன், இல்லையென்றால் ஒன்றரை நாள் இரயிலில் போயிருப்பேன். சாப்பாட்டுக்குத் தனிக் காசு கேட்கட்டும், வேண்டாம் என்பேன். பெட்டிக்குக் கேட்கட்டும், வீட்டில் வைத்துவிட்டு வருவேன். முழங்காலை எங்கே வைத்துவிட்டு வருவது?

இது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள விமானமென்றால், பாதி வாசல்கள் அடைபட்டிருந்தாலும் 90 விநாடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்கவேண்டும். நெருக்கத்தில் மாட்டிய முதியவர் எத்தனை விநாடியில் எழுந்திருப்பார்? இந்தக் கவலையில்தான் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கும்படி அமெரிக்கக் காங்கிரஸ் 2018-ல் சட்டம் செய்தது. அதற்குப் பொறுப்பான இலாகா பொதுமக்களிடம் அபிப்பிராயம் கேட்கவே 2022 ஆகிவிட்டது. அங்குலத்தைக் குறைத்த வேகம் அளவை நிர்ணயிப்பதில் இல்லை.

நான் கேட்பது பட்டு மெத்தையல்ல. சாதாரண மனிதன் காலை மடக்கி வலியில்லாமல் உட்கார இத்தனை அங்குலம் என்று அரசாங்கம் ஒரு கோடு போடட்டும். அந்தக் கோட்டுக்கு மேலே எதை வேண்டுமானாலும் விற்கட்டும்; வாங்குகிறவர் வாங்கட்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது வியாபாரச் சரக்கல்ல.

தில்லியில் இறங்கும்போது பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். முதல் வரிசையைத் தாண்டும்போது அந்தக் காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் நண்பரின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பார்வையை எந்தப் பக்கத்தில் எழுதுவார்? வரவிலா, செலவிலா?