வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது

கோர்ட்டில் ஒரு சாட்சி பேசி முடித்ததும், பதிவு செய்ததை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 278-வது பிரிவு. "நான் அப்படிச் சொல்லலீங்க" என்று சாட்சி சொன்னால் திருத்தலாம். திருத்த நீதிபதிக்கு மனமில்லை என்றால் அந்த ஆட்சேபணையையாவது குறித்து வைக்க வேண்டும். கடைசியில் "வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்ற வரி. அதன் கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. நீதிமன்ற ஊழியனாக இருந்த முப்பது சொச்சம் வருஷத்தில் இந்த வரியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சாமியார் மடங்களிலிருந்து தப்பி வந்தவர்களைப் பேட்டி எடுத்துப் படமாகப் போடுகிறவர்களுக்கும் இந்த வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த யோசனை வரக் காரணம் என் அக்கா மகன். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். கீழே ஒரகடத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ்கள் உறுமிக்கொண்டிருக்க, மேலே அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ எடிட்டிங் செய்வான். கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா, எது வந்தாலும் சரி. அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக இருபத்திரண்டு வயதில் டாக்டர் சொன்னார். நம் காலத்தில் இதற்குப் பெயர் 'ஒரு இடத்தில் உட்கார மாட்டான்', தீர்வு முழங்காலில் நிற்க வைப்பது. உண்மையில் அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிடிக்காத வேலையில் ஐந்து நிமிஷம் மனசு நிற்காது. பிடித்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் சாப்பிடாதது ஞாபகம் வரும்.

போன மாதம் ஒரு சானலுக்காக அவனிடம் வேலை வந்தது. ஓர் ஆசிரமத்தில் பல வருஷம் இருந்து வெளியேறிய பெண்ணின் பேட்டி. முகத்தை மங்கலாக்கியிருந்தான். ஓரிடத்தில் அந்தப் பெண், "சாமி கூப்பிட்டார்" என்கிறார். பிறகு பேச்சே இல்லை. பதினோரு வினாடி. அப்புறம், "போனேன்."

"மாமா, இந்தப் பதினோரு வினாடி எனக்குப் பதினோரு நிமிஷம் மாதிரி இருக்கு. கை தானா கட் பண்ணப் போயிடுது" என்றான். வெட்டிய பிறகு எப்படி இருக்கிறது என்று போட்டும் காட்டினான். "சாமி கூப்பிட்டார், போனேன்." ஏதோ கடைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. ஆனால் பயத்தோடு போனவர், இஷ்டப்பட்டுப் போனவர் ஆகிவிட்டார்.

அவன் தன் கையைப் பற்றித் தெரிந்தவன். பேட்டி முழுவதையும் காகிதத்தில் எழுதி, மௌனம் வரும் இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு, அவற்றை மட்டும் மறுநாள் காலையில்தான் தொடுவான். எனக்குப் பயம், எந்த வியாதியும் இல்லாத எடிட்டர்களைப் பற்றித்தான். மௌனங்களைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டித் தள்ளும் சாப்ட்வேரே இருக்கிறதாம். கோர்ட்டில் சாட்சி அழுதால் காத்திருப்போம். சாட்சியின் நடத்தையைக் குறித்து வைக்க நீதிபதிக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு.

"அந்த அம்மா கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தாங்க" என்பது சானல்காரர் வாதம். கேமரா ஓடுவதற்கு முன்பு, ஆங்கிலத்தில் அச்சடித்த பத்திரத்தில் வாங்கிய கையெழுத்து. 'சரிங்க சாமி' என்பதைத் தவிர வேறு பதிலே சொல்லக்கூடாது என்று வருஷக்கணக்காகப் பழக்கப்பட்டவர், எதிரே அதிகாரமாக உட்கார்ந்து கேட்கும் டைரக்டரிடமும் 'சரிங்க சார்' என்றுதான் சொல்வார். அந்தச் சம்மதத்தை நான் பாதி சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

விராலிமலை பிரேமானந்தா வழக்கு நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 1994-ல் கைது. 1997-ல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் இரட்டை ஆயுள் தண்டனை. தீர்ப்பளித்த நீதிபதி ஆர்.பானுமதி பிற்பாடு உச்ச நீதிமன்றம் வரை உயர்ந்தவர். 2005-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பதின்மூன்று பெண்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற பிள்ளைகள். பாலியல் வன்முறை வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்ற இரண்டு ஏற்பாடும் 1983-ல் வந்தவை. அந்தப் பெண்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். 'திகில் கேஸ்' சானல்காரர் யாராவது மைக்கோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அன்று சாத்திய கதவுக்கு என்ன அர்த்தம்?

முகத்தை மறைத்தால் போதும் என்பதும் சரியில்லை. குரல் தெரியும், கைத்தழும்பு தெரியும், பின்னால் சுவரில் மாட்டிய காலண்டரில் கடைப்பெயர் தெரியும். அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் வரக்கூடாது என்று 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயதுவந்த பெண் தானே எழுத்தில் அனுமதித்தால் வெளியிடலாம். ஆனால் எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்பது முடிந்த படத்தைப் பார்த்தால்தானே தெரியும்?

கேமராவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நம் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தப் படங்கள் வெளியே போனதால்தான் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பெண்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்றே ரோட்டுக்கு வந்தவர்கள். மடத்திலிருந்து வந்தவர் ஒளிந்துகொள்ள இடம் தேடி வந்தவர்.

"போட்டுக் காட்டினா எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுவாங்க, சார். அப்புறம் நியூஸ் எங்கே?" என்று சானல்காரர் என்னிடமே போனில் கேட்டார். எடுக்கச் சொன்னால் எடுங்கள் என்றேன். சாமியாருக்குப் போட்டுக் காட்டச் சொல்லவில்லையே; அவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால் போதும். தன் கதையைக் கொடுத்தவருக்கு மட்டும்தான் இந்த உரிமை. அதுவும் தனியாக அல்ல, அவர் நம்பும் ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பார்த்துவிட்டு இரண்டு நாள் யோசிக்க அவகாசமும் வேண்டும்.

பதினோரு வினாடியை என் மருமகன் அப்படியே விட்டுத்தான் அனுப்பியிருக்கிறான். கூடவே, அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினீர்களா என்று ஒரு கேள்வியும் எழுதியிருக்கிறான். பாக்கிச் சம்பளம் ஒன்பதாயிரம் இன்னும் வரவில்லை. பதிலும்தான்.